இரண்டு பக்கத்துப் பத்தியமும் ஒரே தட்டில்

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் உணவு ஆலோசகராக உட்கார்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. (எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். திருத்திப் பார்த்து விட்டுவிட்டேன்.) கர்ப்பிணி யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, "நேத்து என்னென்ன சாப்பிட்டீங்க?" என்பதுதான். "எல்லாமே சாப்பிடறேனுங்க" என்பார்கள். அந்த ‘எல்லாமே’ சமயத்தில் நாலு பொருள்கூடத் தேறாது.

போன வருஷம் ஏழாம் மாதத்தில் ஒரு பெண் மாமியாரோடு வந்தாள். பொள்ளாச்சிக்காரி, எல்லை தாண்டி வேலந்தாவளம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஹீமோகுளோபின் 8.2. கர்ப்ப காலத்தில் 11க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். முந்தின நாள் அவள் சாப்பிட்டது: இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், நாலு டீ, ஒரு பன், ராத்திரி மறுபடியும் ரசம் சாதம்.

மற்றதெல்லாம் எங்கே போயிற்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பப்பாளி, அன்னாசி, எள்ளு கூடாதென்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். நிலக்கடலையும் கத்தரிக்காயும் கருவாடும் தின்றால் பிள்ளைக்குக் கரப்பான் என்கிற தோல் நோய் வரும் என்பது மாமியார். முட்டையும் முருங்கைக்கீரையும் சூடு என்று பக்கத்து வீட்டுச் சேச்சி. தயிரும் வாழைப்பழமும் சளி. அதைச் சொன்னது யாரென்று அவளுக்கே ஞாபகமில்லை. ஆளுக்கு இரண்டு மூன்றுதான் விலக்கினார்கள், ஆனால் கூட்டுத்தொகை முழுக்க அவள் தட்டில். எல்லையில் குடியிருந்தால் இரண்டு மாநிலத்துப் பத்தியமும் வந்து சேர்ந்துவிடும்.

எனக்கு எரிச்சல் வருவது இன்னோர் இடத்தில். அந்த வீட்டுக்குக் கடலைக் காடு இருக்கிறது, வாசலில் முருங்கை, நாலைந்து நாட்டுக்கோழி. விலக்கானதெல்லாம் இரும்பும் புரதமும் உள்ள, காசில்லாமல் கிடைக்கிற சாமான். கடையில் வாங்கும் சத்துமாவு டப்பாவை மட்டும் யாரும் விலக்கவில்லை!

2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் கேரளத்துக் கர்ப்பிணிகளில் சுமார் 31 சதவீதம், தமிழ்நாட்டில் 48 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பிரசவத்தில் ரத்தப்போக்கு கொஞ்சம் கூடினாலும் ரத்தம் குறைந்த உடம்பு தாங்காது. குறைமாதப் பிரசவம், இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தை என்று ஆபத்து நீளும்.

"ஏனுங்க டாக்டரம்மா, நெறையாத் தின்னா கொழந்தை பெருத்து ஆப்பரேசன்னு ஆயிருமுங்களே" என்றார் மாமியார். அந்தப் பயத்தை நான் சிரித்துத் தள்ளுவதில்லை. பார்த்த அனுபவத்தில் பேசுகிறார். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் குழந்தை அளவுக்கு மீறிப் பெருப்பது உண்மைதான். இந்தப் பெண்ணுக்குச் சர்க்கரை இல்லை. ஏழு மாதத்தில் ஏறியிருந்ததோ நாலே கிலோ.

பப்பாளிக்கும் கொஞ்சம் காரணம் உண்டு. காயில் உள்ள பால் கர்ப்பப்பையைச் சுருங்க வைப்பதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். அதனால் காய் வேண்டாம். நன்றாகப் பழுத்ததை அளவாகச் சாப்பிடலாம். உண்மையில் ஒதுக்க வேண்டியவை வேறு: கள், சாராயம், அரைவேக்காட்டு முட்டை, அரைவேக்காட்டுக் கறி, காய்ச்சாத பால், அப்புறம் சுறா. பெரிய மீனில் பாதரசம் சேரும். மத்தி தாராளமாகச் சாப்பிடலாம். நம்மாட்கள் மத்தியை ஒதுக்கிவிட்டு, பிள்ளை பெற்றவளுக்குத் தேடித் தேடிச் சுறாப்புட்டு செய்வார்கள்!

இரும்பு மாத்திரை தின்றால் குழந்தை கறுக்கும் என்பதும் உண்டு. கறுப்பது மலம்தான். மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி கூடாது. கால்சியம் மாத்திரையையும் அதோடு சேர்த்துப் போடாதீர்கள். குமட்டினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொன்னால் அடுத்த முறை வரவே மாட்டார்கள். அதனால் மூன்றுதான் கேட்டேன்: தினம் ஒரு முட்டை, ஒரு கைப்பிடி வேகவைத்த கடலை, வாரம் மூன்று நாள் கீரை. டாக்டர் இரும்பு மாத்திரையை நாளுக்கு இரண்டாகக் கூட்டினார்.

அடுத்த மாதம் 9.3. "முட்டை குடுத்தீங்களாம்மா?" என்றேன் மாமியாரிடம்.

"குடுத்தனுங்க. பொரியல்ல கலந்து குடுத்துட்டா எங்கக்காளுக்குத் தெரியாதுங்க" என்றார். யார் அந்த அக்கா என்று கேட்டேன். வீட்டில் மாமியாருக்கு நாத்தனார் ஒருவர் இருக்கிறாராம். அவருடைய பட்டியல் என் கைக்கு இன்னும் வரவில்லை.