பயோஃபவுலிங்: உயிரி ஒட்டுப்படிவு

கடல்நீரில் மூழ்கிக் கிடக்கும் பரப்பு எதுவானாலும், அது கப்பலின் அடிப்புறமோ மீன்வளர்ப்புக் கூண்டின் வலையோ மின்நிலையத்துக்குக் குளிர்நீர் கொண்டுசெல்லும் குழாயோ, அதன்மீது நுண்ணுயிர்களும் பாசிகளும், கொட்டலசு (பார்னக்கிள்), இரட்டை ஓடுடைய ஆளி (மஸ்ஸல்) முதலிய விலங்குகளும் ஒட்டிக்கொண்டு வளர்ந்து பெருகுவதை ஆங்கிலத்தில் 'பயோஃபவுலிங்' என்கிறார்கள்.

சொல்லின் முற்பகுதி, வாழ்வைக் குறிக்கும் 'பியோஸ்' என்ற கிரேக்கச் சொல். பிற்பகுதியான 'ஃபவுல்' பழைய ஆங்கிலத்தில் அழுகியது, நாறுவது, அழுக்கானது என்று பொருள்பட்டது. துர்நாற்றத்தைக் குறிக்கும் வடமொழிப் 'பூதி'யும் அதே வேரில் பிறந்ததே. மாலுமிகள் வழக்கில் இச்சொல் சற்று நகர்ந்தது. நங்கூரத்தில் கயிறு சிக்கிக்கொண்டாலும், கப்பலின் அடியில் பாசி பிடித்து ஓட்டம் தடைப்பட்டாலும் அவர்கள் 'ஃபவுல்' என்றே சொன்னார்கள். அழுக்கு என்ற பொருள் பின்தங்க, இடையூறு என்ற பொருள் முன்னே வந்துவிட்டது.

ஆகவே இதை 'உயிரி மாசு' என்று பெயர்ப்பது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. மாசு என்றதும் கழிவும் நச்சும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. இங்கே நடப்பதோ கடலின் இயல்பான குடியேற்றம். ஆளி வளர்ப்போர் கடலில் கயிறுகளைத் தொங்கவிட்டு, ஆளிக் குஞ்சுகள் தாமாக வந்து ஒட்டுவதற்காகக் காத்திருக்கிறார்கள். கயிற்றில் ஒட்டினால் விளைச்சல், பக்கத்துக் கூண்டு வலையில் ஒட்டினால் தொல்லை. இரண்டும் ஒரே செயல்தான். அதற்கு வைக்கும் பெயர் நம் வெறுப்பைச் சொல்லாமல், நிகழ்வதைச் சொல்ல வேண்டும்.

நிகழ்வதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பரப்பு நீரில் இறங்கிய சில நிமிடங்களிலேயே கரிமப் பொருள்கள் அதன்மேல் மெல்லிய ஏடாகப் படிகின்றன. சில மணி நேரத்தில் பாக்டீரியாக்கள் வந்து ஒட்டி வழவழப்பான உயிர்ப்படலத்தை உண்டாக்குகின்றன. ஒற்றைச் செல் பாசிகளான டயாட்டம்களும் அதில் சேர்ந்துகொள்கின்றன. பின்னர் பாசி வித்துகளும் விலங்குகளின் இளம்பருவமான லார்வாக்களும் வருகின்றன. அவற்றுள் கொட்டலசின் கடைசிப் பருவ லார்வா வியப்புக்குரியது. ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளமே உள்ள அது உணவு எதுவும் உண்பதில்லை. உணர்கொம்புகளால் பரப்பின்மேல் நடந்து இடம் தேடுவது ஒன்றே அதன் வேலை. இடம் பிடித்துப்போனதும் தலைப்பக்கத்தைப் பசையால் ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் சுண்ண ஓடு எழுப்பி, வாழ்நாள் முழுதும் தலைகீழாக நின்றபடி கால்களால் இரையை வாரி உண்கிறது.

'உயிரிப் படிவு' என்ற பெயர் ஓரளவு பொருந்தினாலும், படிவு என்பது வண்டலைப்போலத் தானாகத் தங்குவதையே பெரிதும் உணர்த்துகிறது. மேற்சொன்ன லார்வா தேடிவந்து ஒட்டுகிறது. எனவே 'உயிரி ஒட்டுப்படிவு' என்பதே செம்மையான ஆக்கம். குளிர்நீர்க் குழாய்களில் உப்புப் படிவும் உண்டாவதால், பொறியாளர்கள் இரண்டையும் பிரித்துப் பேசவும் இது உதவும். இவ்வுயிர்களை 'ஒட்டுண்ணி' என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. ஒட்டுண்ணி தான் தங்கும் உயிரிடமிருந்தே உணவைப் பெறுவது, இவற்றுக்கு வேண்டியதோ இடம் மட்டுமே.

அந்த இடத்துக்காக நாம் கொடுக்கும் விலை பெரிது. வலைக் கண்கள் அடைபட்டால் கூண்டுக்குள் நீரோட்டம் குன்றி மீன்களுக்கு ஆக்சிஜன் குறைகிறது. கப்பலின் அடிப்புறம் சொரசொரப்பானால் நீரின் இழுவிசை கூடி எரிபொருள் கூடுதலாகச் செலவாகிறது. கப்பலோடு ஒட்டிய உயிர்கள் அயல்கடலிலும் குடியேறுகின்றன: 1999-இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரப் படகுத்துறைகளில் அமெரிக்கக் கடற்பகுதிக்குரிய ஆளி இனம் ஒன்று பெருகிக் கிடந்தபோது, குளோரினும் செப்புச் சல்பேட்டும் கொட்டியே அதை ஒழிக்க முடிந்தது.

இதைத் தடுப்பதற்காகப் பூசும் 'ஆன்ட்டிஃபவுலிங்' பூச்சை 'ஒட்டுத்தடுப்புப் பூச்சு' எனலாம். அதற்கு முன்னோடி, கப்பலின் அடிப்புறத்தில் அறையப்பட்ட செப்புத் தகடு. தகடு கடல்நீரில் அரிக்கப்படாமலிருக்க, 1824-இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி அதனுடன் இரும்பு, துத்தநாகத் துண்டுகளை இணைத்தார். அரிப்பு நின்றது, ஆனால் கொட்டலசும் பாசியும் மண்டின. செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து நச்சாகும்போதுதான் உயிர்கள் விலகுகின்றன என்பது அப்போது வெளிப்பட்டது. பிற்காலத்தில் வந்த, டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பூச்சுகளும் நச்சைக் கசியவிட்டே வேலை செய்தன. அந்தக் கசிவால் பிரான்சின் ஆர்க்காஷோன் விரிகுடாவில் சிப்பிகளின் ஓடு பருத்துத் திரிந்தது, பெண் கடல்நத்தைகளில் ஆண் உறுப்புகள் முளைத்தன. கப்பல்களில் அதைத் தடைசெய்யும் பன்னாட்டு உடன்படிக்கை 2001-இல் ஏற்கப்பட்டு 2008-இல் நடைமுறைக்கு வந்தது. 'மாசு' என்ற சொல்லை அந்தப் பூச்சின் கசிவுக்கு வைத்துக்கொள்வோம்.