நாள் காட்டாத காலண்டர்

திருப்பூரில் பனியன் துணி சாயப்பட்டறையிலிருந்து திரும்பியதும் காலண்டரிங் போடப் போகிறது. குழாய் போன்ற துணியை உள்ளிருந்து அகலம் பிடித்து விரித்து, நீராவி காட்டி, சூடான உருளைகளுக்கு நடுவே விடுவார்கள். சுருக்கம் நீங்கி, மறுபக்கம் மடிப்பு மடிப்பாக விழும். பெயரைக் கேட்கும் வெளியூர்க்காரருக்குச் சுவரில் தொங்கும் காலண்டர்தான் நினைவுக்கு வரும். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது ஈற்றயல் எழுத்து நாள்காட்டிக்கு ‘ஏ’, இயந்திரத்துக்கு ‘ஈ’. இயந்திரத்தின் பெயர் பிரெஞ்சு வழியாக வந்தது. உருளையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதன் வேர் என்பது அகராதிகளின் பொதுவான கருத்து; சிலிண்டரும் அதே வேரில் பிறந்ததுதான். ‘உருளை அழுத்தம்’ என்று எழுதினால் தவறில்லை. ஆனால் இஸ்திரி போடுவதைத் ‘தேய்ப்பது’ என்று சொல்கிறவர்களுக்கு ‘உருளைத் தேய்ப்பு’ சட்டென்று விளங்கும் என்பது என் எண்ணம்.

சி, ஏ, எல் என்று தொடங்கும் ஆங்கிலச் சொற்களில் இப்படி முகச்சாயல் ஒன்றாகவும் கூட்டம் வேறாகவும் இருப்பவை பல.

நாள்காட்டி, கடன் வழியில் வந்தது. ரோமானியருக்கு மாதத்தின் முதல் நாள் ‘கலெண்டே’. வட்டி கட்டவேண்டிய நாளும் அதுவே. ‘கலெண்டாரியம்’ என்றால் கடன் பேரேடு. கிரேக்கரின் மாதக் கணக்கில் கலெண்டே கிடையாது. ஆகவே திருப்பித் தரவே மாட்டாதவர்களை, ‘கிரேக்கக் கலெண்டேயில் தருவார்கள்’ என்று அகஸ்டஸ் சீசர் கேலி செய்வாராம். ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்று பலகை மாட்டும் நம் மளிகைக் கடைக்காரருக்கும் அதே குறும்புதான்.

காலிகோ என்பது பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பாலுள்ள கோழிக்கோட்டின் பெயர். அங்கிருந்து கப்பலேறிய பருத்தித் துணிக்கு ஊர்ப்பெயரே நிலைத்துவிட்டது. அந்தத் துணி இங்கிலாந்தின் கம்பளி, பட்டு நெசவாளர்களை மிரட்டியதால், 1721-இல் பெரும்பாலான பருத்தித் துணிகளை விற்பதற்கே அங்கே தடைச்சட்டம் வந்தது. இன்று பிரிட்டனில் காலிகோ என்றால் வெளுக்காத, சாயமேறாத துணி. அமெரிக்காவில் சிறு பூப்போட்ட அச்சுத் துணி. முதல் பொருளுக்குப் புதுச்சொல் எதையும் தேடவேண்டாம். சோமனூர், பல்லடம் விசைத்தறிகளில் நாள்தோறும் புரளும் ‘காடா’ இருக்கிறது.

கேலிக்ஸ் பள்ளிப் பாடத்தில் உண்டு: புல்லி வட்டம். கத்திரிக்காய்க் காம்படியில் முள்ளோடு ஒட்டியிருக்கும் பச்சைத் தொப்பி அதுதான். பூ காயான பிறகும் உதிராது.

கேலோ கொஞ்சம் அரிய சொல். பழைய ஆங்கிலத்தில் ‘வழுக்கை’ என்று பொருள். பிறகு இறகு முளைக்காத குஞ்சைக் குறித்து, கடைசியில் உலகம் தெரியாத இளைஞனிடம் வந்து நின்றது. ‘அனுபவமற்ற’ என்று பெயர்ப்பது சப்பென்று இருக்கிறது. ‘விடலைத்தனமான’ என்றால், அச்சொல்லில் உள்ள இளக்காரமும் கூடவே வந்துவிடும்.