ஒரு லிட்டரில் கால் லிட்டர்தான் சக்கரத்துக்கு

"தினமும் வேலைக்குப் போய்வர ஒரு பழைய கார் பார்க்கிறேன். எது நல்ல மைலேஜ் தரும்?" என்று யாராவது கேட்டால் நான் காரின் பெயரைச் சொல்வதில்லை. திருப்பி இரண்டு கேள்வி கேட்பேன். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்? அந்தத் தூரத்தில் எத்தனை தடவை வண்டி முழுசாக நிற்கும்? முதல் கேள்விக்குச் சட்டென்று பதில் வந்துவிடும். இரண்டாவதற்குத் தலையைச் சொறிவார்கள். எந்தக் கார் என்று தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது பதில்தான். ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

1,200 கிலோ எடையுள்ள சாதாரணக் கார் ஒன்று சமதளச் சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பின்னுக்கு இழுப்பவை இரண்டு. ஒன்று, டயர் உருளும்போது நசுங்கி நசுங்கி நிமிர்வதால் வரும் தடை. நல்ல டயருக்கு அது வண்டியின் எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு, சுமார் 118 நியூட்டன். மற்றொன்று காற்று. முகப்புப் பரப்பு 2.2 சதுர மீட்டர், இழுவைக் கெழு (உருவம் காற்றில் எவ்வளவு வழுக்கிப் போகிறது என்பதைச் சொல்லும் எண், குறைந்தால் நல்லது) 0.30 என்றால் காற்றுத் தடை சுமார் 305 நியூட்டன். இரண்டையும் கூட்டி 100 கிலோமீட்டரால் பெருக்கினால் 42 மெகாஜூல் வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது சுமார் 32 மெகாஜூல். அப்படியானால் 100 கிலோமீட்டர் போக 1.3 லிட்டர் போதும்!

நிஜத்தில் இந்தக் கார் ஐந்து லிட்டருக்கு மேல் குடிக்கும். மீதி எங்கே போயிற்று? ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெப்பமாகப் போயிற்று. இன்ஜினுக்குள்ளும் கியர்பாக்ஸிலும் உராய்வாகப் போயிற்று. சக்கரத்துக்கு வந்து சேர்ந்தது கால்வாசி. சக்கரத்தின் தேவையைக் குறைப்பது, அந்தக் கால்வாசியைக் கொஞ்சம் கூட்டுவது, மைலேஜுக்கு இந்த இரண்டு வழிதான் உண்டு.

தேவையை முதலில் பார்ப்போம். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். அதே கார் 80இல் போனால் 100 கிலோமீட்டருக்குத் தேவை 31 மெகாஜூலாக இறங்கிவிடுகிறது. 120இல் போனால் 56 ஆக ஏறிவிடுகிறது. டயரின் தடையோ இந்த வேகங்களில் அவ்வளவாக மாறுவதில்லை. ஆகவே நெடுஞ்சாலையில் பெட்ரோலைத் தின்பது காரின் எடையைவிட அதன் உருவம். உயரமான, பெட்டி மாதிரியான வண்டியும் தாழ்ந்து வழுக்கலாக இருக்கும் செடானும் ஒரே எடை, ஒரே இன்ஜின் என்றாலும் நெடுஞ்சாலையில் ஒன்றாகக் குடிக்காது. மேலே சாமான் கேரியர் மாட்டிய பழைய கார் கிடைத்தால், வாங்கிய அன்றே அதைக் கழற்றிவிடுங்கள்.

ஊருக்குள் கதை வேறு. 50இல் ஓடும் அதே 1,200 கிலோ காரிடம் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 116 கிலோஜூல். பிரேக்கை அழுத்தி நிறுத்தினால் அது முழுக்கப் பிரேக் தட்டில் சூடாகிக் கரைந்துவிடும். டயரின் தடை 118 நியூட்டன் என்றோமே, அந்தத் தடையை எதிர்த்து ஒரு கிலோமீட்டர் உருள 118 கிலோஜூல். ஆக, சிக்னலில் ஒரு தடவை நிற்பது, டயர் செலவில் பார்த்தால், இன்னொரு கிலோமீட்டர் ஓட்டுவதற்குச் சமம். இருபது சிக்னல் என்றால் நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இங்கே எடைதான் எதிரி. பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் வைத்த ஹைபிரிட் கார் ஜெயிப்பதும் இங்கேதான், ஏனென்றால் நிற்கும்போது அந்த ஆற்றலில் ஒரு பகுதியை மோட்டார் வழியாக மின்கலத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. 100 கிலோமீட்டரும் நிற்காமல் ஓடுபவருக்கு அப்படித் திருப்பி அனுப்புவது அதிகம் பயன்படாது.

ஹைபிரிட்டுக்கு நெடுஞ்சாலையில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் தொடங்கி, பல ஹைபிரிட்டுகளின் பெட்ரோல் இன்ஜின் அட்கின்சன் சுழற்சியில் ஓடுகிறது. உள்ளிழுக்கும் வால்வைக் கொஞ்சம் தாமதமாக மூடுவார்கள். அதனால் காற்று குறைவாக அமுங்கும், எரிந்த பிறகு அதிகமாக விரியும். வெப்பத்தில் இருந்து கூடுதலாகச் சில சதவீதம் வேலை கிடைக்கும். அப்புறம், அவற்றின் உருவமும் சும்மா அப்படிச் செதுக்கப்பட்டதல்ல. நான்காம் தலைமுறை பிரியஸின் இழுவைக் கெழு 0.24.

இப்போது அந்தக் கால்வாசி விஷயத்துக்கு வருவோம். நம் கார் 100இல் ஓடச் சக்கரத்தில் தேவைப்படும் திறன் சுமார் 12 கிலோவாட், குதிரைத்திறனில் 16. கையில் இருப்பதோ 100 அல்லது 150 குதிரைத்திறன் இன்ஜின். மிச்சத்தை எல்லாம் அடக்கி வைக்க, பெட்ரோல் இன்ஜின் காற்று வரும் பாதையை ஒரு தகட்டால் பாதிக்கு மேல் மூடிக்கொள்கிறது. ஊசி இல்லாத சிரிஞ்சின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு பிடியை இழுத்துப் பாருங்கள், கை வலிக்கும். ஒவ்வொரு பிஸ்டனும் நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அப்படித்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது, உங்கள் பெட்ரோல் செலவில். அதனால்தான் சின்ன இன்ஜின் சிக்கனமாக இருக்கிறது. அதே 16 குதிரைத்திறனுக்கு அதன் தகடு இன்னும் அகலமாகத் திறந்திருக்கும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஓட்டிப் பார்க்கும்போது டாப் கியரில் 100இல் போய், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் டாக்கோமீட்டரைப் பாருங்கள். முள் 2,000, 2,500 பக்கம் நின்றால் நல்லது. 3,500இல் அலறிக்கொண்டிருந்தால் அந்த வண்டி ஊருக்குள் சுற்ற அமைத்தது. சுற்று கூடக் கூட உராய்வும் கூடிக்கொண்டே போகும். தினமும் இரண்டு மணி நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்கப்போவதும் நீங்கள்தான்.

டீசலுக்கு அந்த மூச்சுத்திணறல் கிட்டத்தட்ட இல்லை. காற்றைத் தாராளமாக உள்ளே விட்டு, எரிபொருள் அளவை மட்டும் குறைத்துக்கொள்ளும். அமுக்க விகிதமும் அதிகம். ஒரு லிட்டரில் சுமார் 36 மெகாஜூல் என்பதால் லிட்டர் கணக்கிலும் முன்னால் நிற்கிறது. நீண்ட, நிற்காத பயணத்துக்கு நான் இன்னும் டீசல் பக்கம்தான். ஆனால் அந்தக் குறிப்பிட்ட டீசல் கார் இதுவரை எப்படி வாழ்ந்தது என்று விசாரிக்க வேண்டும். கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த டீசல் கார்கள் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை அவ்வப்போது சுமார் 600 டிகிரியில் எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்குச் சூடான இன்ஜினும் நல்ல வேகத்தில் தொடர்ந்த ஓட்டமும் வேண்டும். மூன்று கிலோமீட்டர் போய் மூன்று கிலோமீட்டர் திரும்பி வந்தே காலம் கழித்த காருக்கு அந்த வாய்ப்பே கிடைத்திருக்காது. அடைத்த வடிகட்டியை மாற்றும் செலவு, நீங்கள் சேமிக்க நினைத்ததை எல்லாம் விழுங்கிவிடும்.

பெட்ரோல் காருக்கும் இதே நியாயம்தான், அதனால்தான் ஓடோமீட்டரில் குறைந்த எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லி அலுத்துப்போயிருக்கிறேன். நானே ஒரு தடவை மயங்கியிருக்கிறேன். ஒன்பது வயதான கார், 38,000 கிலோமீட்டர், பளபளவென்று இருந்தது. முன்பணம் கொடுக்கும் மனநிலையில்தான் போனேன். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பார்த்தால், இளமஞ்சள் நிறத்தில் நுரைத்த பசை ஒட்டியிருந்தது. அது தண்ணீரும் ஆயிலும் கலந்த கலவை. எரியும் பெட்ரோலில் இருந்து நீராவி வரும், கொஞ்சம் ஆயிலோடும் சேரும். இன்ஜின் நன்றாகச் சூடாகி அரைமணி நேரம் ஓடினால் அது ஆவியாகிப் போய்விடும். அந்தக் கார் ஒரு நாளும் அவ்வளவு நேரம் ஓடியதில்லை போலிருக்கிறது. இல்லாவிட்டால் இன்ஜினின் மேல்பகுதியைக் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கலந்திருக்க வேண்டும், அது இன்னும் மோசம். எது என்று கண்டுபிடிக்க நான் அங்கே நிற்கவில்லை.

குளிர்ந்த இன்ஜினை உயிர்ப்பிக்கும் முதல் சில நிமிடங்களில்தான் தேய்மானம் கடுமையாக இருக்கும். 50 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஸ்டார்ட் ஆன காரின் ஒரு லட்சமும், மூன்று கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஸ்டார்ட் ஆன காரின் ஒரு லட்சமும் ஒன்றல்ல. நான்கு வயதில் ஒரு லட்சம் ஓடி, ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் ரசீது வைத்திருக்கும் நெடுஞ்சாலைக் காரை நான் தயங்காமல் பார்ப்பேன். வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் மாதிரியான ரப்பர் சாமான்கள் ஓடாமல் நின்றாலும் முதுமையடையும். அதனால்தான் அதற்குக் கிலோமீட்டர் கெடு, வருடக் கெடு இரண்டையும் போடுகிறார்கள். பல இன்ஜின்களில் அது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும்.

மைலேஜ் எண்ணிலேயே ஒரு கண்கட்டு வித்தையும் இருக்கிறது. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தரும் காரை விட்டு 15 தரும் காருக்கு மாறுவதும், 20இல் இருந்து 25க்கு மாறுவதும் ஒரே லாபம் என்று தோன்றும். வருடம் 24,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு முதல் மாற்றம் 800 லிட்டரை மிச்சப்படுத்தும். இரண்டாவது வெறும் 240. டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் 2008இல் சயன்ஸ் இதழில் இந்த மாயையை விளக்கி எழுதினார்கள். 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிக் கேட்டால் மாயை கலைந்துவிடும்.

நான் ஒரு படி மேலே போய் விலையையே லிட்டரில் எண்ணுவேன். 25 தரும் கார், 20 தரும் காரைவிட 1,200 லிட்டர் எரிபொருளின் விலை அளவுக்குக் கூடுதல் என்றால், அந்த வித்தியாசத்தை மீட்க ஐந்து வருடம் ஆகும். அதற்குள் ஒரு செட் டயர், ஒரு கிளட்ச் எல்லாம் வந்துபோயிருக்கும். சிக்கனத்துக்குப் பேர்போன மாடல்கள் பழைய கார் சந்தையில் அந்தப் பேருக்கே தனி விலை கேட்கும்.

விளம்பரத்தில் போட்ட மைலேஜையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐரோப்பாவில் பல ஆண்டுகள் பயன்பட்ட பழைய சோதனை முறையில் ஆய்வுக்கூடத்தில் சுமார் 11 கிலோமீட்டர்தான் ஓட்டுவார்கள், அதுவும் மெதுவாக. 2017இல் வந்த புதிய முறை இருமடங்கு நீளம், வேகமும் கூடுதல். பழைய காரின் கவர்ச்சியான எண் பழைய முறையில் அளந்ததாக இருக்கலாம். சக்கரத்துக்குக் கால்வாசிதான் என்ற கணக்கு மின்சாரக் காரில் தலைகீழ். மோட்டார் பெரும்பங்கு ஆற்றலைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடுவதால், நெடுஞ்சாலைக் காற்று எவ்வளவு தின்கிறது என்பது அதில் அப்பட்டமாகத் தெரியும். பழைய மின்சாரக் காரில் மின்கலத்தின் இன்றைய கொள்ளளவையும், உங்கள் வேகத்தில் அது போகும் தூரத்தையும் மட்டும் கேளுங்கள்.

சரி, ஒரு கார் பிடித்துவிட்டது. போகும்போது, காரின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைகளைப் படிக்கும் உள்ளங்கை அளவு ஓபிடி ரீடர் ஒன்றைக் கொண்டுபோங்கள், அதை ஸ்டீயரிங்கின் கீழே இருக்கும் சாக்கெட்டில் சொருகினால் செல்போனில் விவரம் வரும். பிழை ஏதும் இல்லை என்று காட்டினால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். பிழைகளை அழித்துக் கடைசியாக எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று என்பதையும் பல கார்கள் சொல்லும். 12 என்று வந்தால், காலையில்தான் யாரோ துடைத்திருக்கிறார்கள். அடுத்து கூலன்ட் வெப்பநிலை. நெடுஞ்சாலையில் 90 டிகிரி பக்கம் நிற்க வேண்டியது 70இலேயே தங்கினால், ரேடியேட்டருக்குப் போகும் கூலன்டைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. இன்ஜின் இன்னும் குளிராக இருப்பதாக நினைத்துக் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். விலை பேச நல்ல காரணம், சரி செய்வதும் பெரும்பாலும் சுலபம்.

முடிந்தால் நீங்கள் தினமும் போகும் சாலையிலேயே, போகும் வேகத்திலேயே ஓட்டிப் பாருங்கள். திரும்பி வந்து கடைசியில் அழுத்திப் பிரேக் பிடிக்காமல் வண்டியை உருள விட்டு நிறுத்தி, நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். முன்சக்கரம் இரண்டில் ஒன்று மட்டும் அனலாக அடித்தால், அங்கே பிரேக் முழுசாக விடுபடாமல் உரசிக்கொண்டிருக்கிறது. அந்தக் கால் லிட்டரிலும் ஒரு பங்கு அங்கேதான் சூடாகிக்கொண்டிருக்கிறது.