விலை குறைந்த ரைஃபிள் நேராகச் சுடுவது எப்படி?

அமெரிக்காவில் வேட்டைத் துப்பாக்கி விற்கும் கடைகளில் இரண்டு ரைஃபிள்களைப் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கலாம். ஒன்று நானூறு, ஐந்நூறு டாலர். இன்னொன்று அதைப் போல மூன்று மடங்கு விலை. மலிவானதைக் கையில் எடுத்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். குழலைத் தாங்கித் தோளில் பதியும் கட்டை, மரத்துக்குப் பதில் பிளாஸ்டிக். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டைப் பின்னால் இழுத்தால் ரம்பம் போல உராயும். 'இதுவா நேராகச் சுடப்போகிறது?' என்று தோன்றும். ஆனால் 100 கஜ தூரத்தில் ஒரு தாளை மாட்டிச் சுட்டுப் பார்த்தால், பல நேரம் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

காரணம் புரிய முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். போல்ட் ரைஃபிளின் அமைப்பு நம் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள்தான். கைப்பிடியை முன்னால் தள்ளினால் தோட்டா குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் போகிறது. கீழே திருப்பினால் போல்ட்டின் முனையில் இருக்கும் காதுகள் பள்ளத்தில் மாட்டிப் பூட்டிக்கொள்கின்றன. ஜெர்மனியின் மவுசர் துப்பாக்கி நிறுவனம் 1898-இல் கொண்டுவந்த வடிவம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. சுடும்போது அந்தக் காதுகள் தாங்கும் சுமை சாதாரணமானதல்ல. 308 வின்செஸ்டர் என்ற பரவலான தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 4,200 மடங்கு.

இவ்வளவு அழுத்தத்தில், பூட்டிய போல்ட்டின் முகப்புக்கும் அறை குறுகத் தொடங்கும் 'தோள்' பகுதிக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகக் கச்சிதமாக இருக்க வேண்டும். கூடினால் தோட்டாவின் பித்தளைக் கூடு நீண்டு கிழியும், சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். குறைந்தால் போல்ட் பூட்டாது. இதைச் சோதிக்க அறைக்குள் வைத்துப் பார்க்கும் இரண்டு எஃகு அளவுக்கட்டைகள், அதாவது கேஜ்கள், உண்டு. 308-க்கு ஒன்று 1.630 அங்குலம், அதன் மேல் போல்ட் பூட்டியே ஆக வேண்டும். மற்றது 1.634 அங்குலம், அதன் மேல் பூட்டக் கூடாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு தாளின் தடிமன்.

அந்தத் தாள் தடிமனுக்குள் நிற்பதுதான் பழைய காலத்தில் ரைஃபிளின் விலையை ஏற்றியது. கைதேர்ந்த தொழிலாளி ஒருவர் குழலை லேத்தில் மாட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, மாட்டிப் பார்த்து, கழற்றி, மறுபடி சீவ வேண்டும். 1958-இல் வந்த சாவேஜ் 110 ரைஃபிள் இந்த வேலையையே ஒழித்துவிட்டது. அதை வடிவமைத்த நிக்கோலஸ் பிரூவர், குழலின் மரை மீது ஒரு பெரிய நட்டைப் பொருத்தினார். கேஜை அறையில் வை, போல்ட்டைப் பூட்டு, குழலைத் திருகிக்கொண்டே போ, கேஜில் முட்டியதும் நட்டை இறுக்கு. அவ்வளவுதான். துல்லியம் தொழிலாளியின் விரலிலிருந்து கேஜுக்கு இடம் மாறியது. துப்பாக்கி வரலாற்றில் இந்த நட்டுக்குக் கிடைக்க வேண்டிய பெயர் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். இன்றைய மலிவு ரைஃபிள்கள் பலவற்றில், 2012-இல் சந்தைக்கு வந்த ருகர் அமெரிக்கன் உட்பட, இதே நட்டு இருக்கிறது.

குழலின் கதையும் இப்படித்தான். குண்டைச் சுழல வைப்பதற்காகக் குழலின் உட்புறம் முறுக்குப் பள்ளங்கள் இருக்கும். 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற முறுக்கில், விநாடிக்கு 820 மீட்டரில் வெளியேறும் குண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 லட்சம் முறை சுழல்கிறது. முன்பு இந்தப் பள்ளங்களை ஒரு சிறு கொக்கி உளியால் இழை இழையாகச் சுரண்டி எடுத்தார்கள். இப்போது பள்ளத்தின் எதிர்வடிவம் செதுக்கிய கடினமான தண்டைக் குழலுக்குள் செருகி, வெளியிலிருந்து இயந்திரச் சுத்தியல்களால் அடித்துவிடுகிறார்கள். இல்லையென்றால் கடினமான ஒரு குமிழை உள்ளே அழுத்தி இழுக்கிறார்கள். வேலை நிமிடக்கணக்கில் முடிகிறது. இயந்திரத்துக்குக் கொட்டிய பணம் ஆயிரக்கணக்கான குழல்களில் பிரிந்துபோகிறது.

சரி, அப்படியானால் எங்கேதான் காசை மிச்சம் பிடிக்கிறார்கள்? போல்ட்டின் மழமழப்பில், மேற்பூச்சில், தோட்டாக்களை அடுக்கும் மேகசினில், எல்லாவற்றுக்கும் மேலாகக் கட்டையில். குண்டு ஓடும்போது குழல் அடித்த மணி போல அதிர்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர்ந்தால் கவலையில்லை. கட்டை ஒருமுறை தொட்டு ஒருமுறை தொடாமல் இருந்தால் அதிர்வு மாறும், குண்டும் வேறிடம் போகும். ஒரு தாளை மடித்துக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் போக வேண்டும். அப்புறம் கட்டையின் முன்பகுதியைக் குழலோடு சேர்த்துப் பிடித்து அழுத்துங்கள். மெல்லிய பிளாஸ்டிக் வளைந்து குழலில் ஒட்டினால், அந்த ரைஃபிளை எதன் மேல் சாய்த்துச் சுடுகிறோம் என்பதைப் பொறுத்துக் குறி மாறும்.

குழலின் வாயையும் பார்க்க வேண்டும். குண்டு வெளியேறும் கணத்தில் வாயு சுற்றிலும் சமமாகப் பிரிய வேண்டும். ஒரு பக்கம் பிசிறு இருந்தால் குண்டின் அடிப்பாகம் தள்ளப்படும். காது குடையும் பஞ்சுக் குச்சியை உள்ளிருந்து வெளியே மெதுவாக இழுத்தால் போதும், பிசிறு பஞ்சு நாரைப் பிடித்துக் காட்டிக்கொடுக்கும். ட்ரிகரையும் காலித் துப்பாக்கியில் சோதிக்கலாம். அறையும் மேகசினும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகு, போல்ட்டைப் பூட்டி, பாதுகாப்புப் பூட்டைப் போட்டு, ட்ரிகரை அழுத்தி விடுங்கள். பிறகு பாதுகாப்புப் பூட்டை எடுக்கும்போது 'டக்' என்று கேட்டால் அந்த ரைஃபிள் வேண்டவே வேண்டாம். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

இனி தாளுக்கு வருவோம். பெரும்பாலோர் ஏமாறும் இடம் இதுதான். மூன்று தோட்டா சுடுவார்கள், ஒன்றுக்கொன்று மிகத் தூரமாக விழுந்த இரண்டு துளைகளின் நடுவிலிருந்து நடு வரை அளப்பார்கள், 'ஒரு அங்குலத்துக்குள் சுடுகிறது' என்று படம் எடுத்து வைத்துக்கொள்வார்கள். குண்டுகள் விழுவது தற்செயலான சிதறல். மூன்று துளைகள் அந்தச் சிதறலின் ஓரத்தை எட்டிப் பார்ப்பது அரிது. கணக்குப் போட்டால், மூன்று குண்டுக்குச் சராசரி 1 அங்குலம் காட்டும் ரைஃபிள் ஐந்து குண்டுக்கு ஏறத்தாழ 1.3, பத்துக்கு 1.6 அங்குலம் காட்டும். ரைஃபிள் மாறவில்லை, நாம் பார்த்த அளவுதான் மாறியது. அதே ரைஃபிள் மூன்று குண்டுகளில் ஒரு தடவை அரை அங்குலமும் இன்னொரு தடவை ஒன்றரை அங்குலமும் தரலாம். அரை அங்குலத் தாளைப் பத்திரப்படுத்தி, மற்றதை 'என் கை ஆடிவிட்டது' என்று கசக்கி எறிந்தால், நாம் அளந்தது துப்பாக்கியை அல்ல. ஒரே தாளில் பத்துக் குண்டு, எதையும் கழிக்காமல் எண்ணுவது ஒன்றே நேர்மையான அளவு.

வேட்டைக்காரருக்கு இதையும் தாண்டி ஒன்று தேவை. காட்டில் அவர் சுடுவது பெரும்பாலும் ஒரே ஒரு குண்டு, அதுவும் குளிர்ந்த குழலிலிருந்து. மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் 8 அங்குல அகலம். அது தவறினால் விலங்கு காயத்தோடு ஓடி மெல்லச் சாகும். அதனால் ஒரு தாளை எடுத்துவைத்து, ஐந்து நாள் காலையில் நாளுக்கு ஒரு குண்டு மட்டும் அதிலேயே சுடுவது நான் மதிக்கும் சோதனை. துளைகள் ஒன்றையொன்று நெருங்கி விழுந்தால் அந்த ரைஃபிள் வாங்கிய விலைக்கு மேலேயே உழைக்கிறது. சிதறினால் உடனே குழலைக் குறை சொல்ல வேண்டாம். முதலில் குறிபார்க்க ரைஃபிளின் மேல் மாட்டிய தொலைநோக்கியைப் பிடித்திருக்கும் திருகுகளையும், பிறகு கட்டையின் அடியில் உள்ள இரண்டு திருகுகளையும் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்கிவிட்டு, புதுத் தாளை மாட்டி இன்னும் ஐந்து காலை பார்க்க வேண்டும்.