தூக்கம் வரவில்லையா? சீக்கிரம் போய்ப் படுக்காதீர்கள்

"டாக்டர், ராத்திரி தூக்கமே இல்லை, ஒரு மாத்திரை எழுதிக் கொடுங்க" என்று வருபவர்களிடம், காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். "அது தூக்கம் வர்றதைப் பொறுத்து" என்பார்கள். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பணி ஓய்வு பெற்ற ஓர் அம்மா சொன்ன கணக்கு இது. இரவு 9 மணிக்கே படுத்துவிடுவார். 12 மணி வரை புரளுவார். அப்புறம் கண்ணயர்ந்து ஏழரைக்கு எழுவார். மதியம் சாப்பிட்டதும் இரண்டு மணி நேரம் "சும்மா கண்ணை மூடிப் படுத்திருப்பேன், தூங்கமாட்டேன்" என்றார். குறட்டை வரும் என்று பக்கத்தில் இருந்த மகள் சொன்னார்.

விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேரும். இரவில் கண்ணைச் சொக்க வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பகலில் நீண்ட நேரம் தூங்கினால் அது கரைந்துவிடும். அப்புறம் 9 மணிக்குப் படுத்து என்ன பயன்? தினமும் மூன்று மணி நேரம் புரண்டால், படுக்கை என்றாலே கவலைப்படும் இடம் என்று மூளை பழகிக்கொள்ளும். சோபாவில் டிவி பார்த்தபடி தூங்கி வழிபவர், கட்டிலுக்குப் போனதும் கொட்டக் கொட்ட விழிப்பது இதனால்தான்.

எழும் நேரத்தை மாற்றாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்கும் சலுகை கிடையாது. எழுந்ததும் கொஞ்ச நேரம் வெயிலில் நடங்கள். இரவு கண் சொக்கினால் மட்டும் படுங்கள். சுமார் 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லையா, எழுந்து வேறு அறைக்குப் போய், மங்கலான வெளிச்சத்தில் துணி மடிப்பது போல ஏதாவது சுவாரசியமில்லாத வேலை செய்யுங்கள். கண் சொக்கியதும் திரும்புங்கள். கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டாம், 20 நிமிடம் என்பது உத்தேசக் கணக்குதான். முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். பகலில் தூக்கம் அசத்தினால் வண்டி ஓட்டாதீர்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாக, இம்முறையை உள்ளடக்கிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத்தான் (தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிகிச்சை) தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி (American College of Physicians) என்ற மருத்துவர்கள் சங்கம் 2016இல் பரிந்துரைத்தது.

காபி விஷயத்தில் நம்மவர்கள் யாரும் என் பேச்சைக் கேட்பதில்லை. காபியில் தூக்கத்தை விரட்டும் பொருள் காஃபீன். குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணி டிகிரி காபியில் பாதி, இரவு 10 மணிக்கும் உடம்பில் இருக்கும். டீயிலும் காஃபீன் உண்டு. மதியத்தோடு நிறுத்துங்கள். மொபைலின் நீல ஒளியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நடக்கும் சண்டையை 11 மணிக்குப் படிப்பது அதைவிடக் கெடுதல் என்பது என் கருத்து. மது தூங்க வைப்பதுபோல் வைத்து, நடு இரவில் எழுப்பிவிடும்.

பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த அல்பிரசோலம் என்ற தூக்கம் வரவழைக்கும் மாத்திரையைப் போடாதீர்கள். வயதானவர்கள் அந்த மயக்கத்தில் பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார்கள். ஏற்கெனவே பல மாதமாகப் போடுபவர்கள் சட்டென்று நிறுத்தவும் கூடாது, டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

பழக்கத்தை மாற்றினாலும் தீராதவை சில உண்டு. பலத்த குறட்டையோடு இடையில் மூச்சு நின்று திணறுவது, படுத்ததும் கால்களை அசைத்தே ஆக வேண்டும்போல் இருப்பது (இதற்கு இரும்புச்சத்துக் குறைவும் காரணமாகலாம்) போன்றவற்றுக்குப் பரிசோதனை தேவை. சிறுநீர் பிரிய வைக்கும் பிரஷர் மாத்திரையை இரவில் போட்டுக்கொண்டு, மூன்று முறை எழுந்திருக்க வேண்டியிருக்கிறதே என்று புலம்புபவர்களும் உண்டு. காலையில் போடலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள்.