ஒரு மில்லி நொடிக்கு எவ்வளவு விலை?

பில்லியர்ட்ஸ் மேசையில் கோலின் நுனி வெள்ளைப் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு நொடி. கூடிப்போனால் இரண்டு. அதற்குள் பந்தின் வேகம், திசை, சுழற்சி எல்லாம் முடிவாகிவிடுகின்றன. அடி விழுந்த செய்தி கையிலிருந்து மூளைக்குப் போய்ச் சேரும் முன்பே பந்து கிளம்பியிருக்கும். ஆகவே கோல் வாங்கப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த ஒரு மில்லி நொடியில் இந்தக் கோலின் எந்தப் பகுதி பந்தைப் பாதிக்கிறது? மற்ற பகுதிகளுக்குக் கொடுக்கும் பணம் கண்ணுக்கும் கைக்கும் இதமாக இருக்கலாம். பந்துக்கு அது தெரியாது.

விடையை மரத்தில் அதிர்வு ஓடும் வேகமே சொல்லிவிடும். கோல் செய்யப் பயன்படும் மேப்பிள் மரத்தில் நார் ஓடும் திசையில் அதிர்வு நொடிக்குச் சுமார் 4,000 மீட்டர் செல்லும். கோலின் நீளம் ஏறக்குறைய 147 செ.மீ. நுனியில் விழுந்த அடி கோலின் அடிவரை போய்த் திரும்ப முக்கால் மில்லி நொடி போதும். அதனால் பந்தை முன்னோக்கித் தள்ளும் வேலையில் முழுக் கோலின் எடையும் பங்கு பெறுகிறது. பக்கவாட்டு அசைவின் கதை வேறு. கோலை வளைக்கும் அலை மெதுவாகவே பரவும். பந்து பிரிந்து போவதற்குள் அது நுனியிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் தூரத்தைத்தான் எட்டும். அந்த ஒரு சாண்தான் இந்தக் கட்டுரையின் நாயகன்.

முதலில் எடையை முடித்துவிடுவோம், ஏனென்றால் கடையில் இதைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். கோல்கள் பெரும்பாலும் 18 முதல் 21 அவுன்ஸ் வரை, அதாவது 510 முதல் 595 கிராம் வரை இருக்கும். பந்தின் எடை 156 முதல் 170 கிராம். ஒரே வேகத்தில் வீசினால், மிக லேசான கோலுக்கும் மிகக் கனமான கோலுக்கும் இடையே பந்தின் வேகத்தில் வரும் வித்தியாசம் 4 சதவீதத்தைத் தாண்டாது. மோதல் கணக்கைப் போட்டுப் பார்த்தால் யாருக்கும் இந்த விடைதான் வரும். கையை ஒரு விரற்கடை கூடுதலாகப் பின்னுக்கு இழுத்தாலே அது சரியாகிவிடும். 19 அவுன்ஸ் கோல் ஒன்றை எடுத்துக்கொண்டு அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

நுனியில் ஒட்டியிருக்கும் தோல் வில்லைக்கு டிப் என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு ஆட்டக்காரர் பிரான்சுவா மேங்கோ இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். வெறும் மரநுனி பந்தின் நடுவை விட்டு விலகினால் வழுக்கிவிடும். தோல் பந்தைப் பற்றிக்கொண்டது. பந்தைச் சுழற்றும் கலை அங்கிருந்துதான் வளர்ந்தது. புயல்கள் சுழலும் திசையை விளக்கும்போது நாம் பெயர் சொல்கிறோமே, அதே கொரியோலிஸ், 1835இல் பில்லியர்ட்ஸ் பந்துகளின் இயக்கத்தைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார்.

அந்தப் பிடிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. மையத்திலிருந்து பந்தின் ஆரத்தில் பாதித் தூரம் வரை அடிக்கலாம். 57 மி.மீ. விட்டமுள்ள பந்தில் அது சுமார் 14 மி.மீ. அந்த இடத்தில் பந்தின் மேற்பரப்பு, கோலுக்குச் செங்குத்தான நிலையிலிருந்து 30 டிகிரி சரிந்து நிற்கும். அதற்கு அப்பால் உராய்வு தோற்றுவிடும், டிப் வழுக்கும். இந்த 14 மி.மீ. வரை நம்பிப் போவதற்குத்தான் சாக் தடவுகிறோம். பள்ளிக்கூடத்து சாக்பீஸுக்கும் இதற்கும் உறவில்லை. 1897இல் அமெரிக்க ஆட்டக்காரர் வில்லியம் ஸ்பிங்க்ஸும் வேதியியலாளர் வில்லியம் ஹாஸ்கின்ஸும் காப்புரிமை பெற்ற இந்தக் கட்டியில் சிலிக்காவும் சொரசொரப்பான தேய்ப்புப் பொடியும் இருக்கும்.

டிப்பின் வளைவும் முக்கியம். தட்டையாகிப்போன டிப் ஓரத்தால்தான் பந்தைத் தொடும். இப்போது புழங்கும் சிறிய ஒரு ரூபாய் நாணயத்தை அதன் மேல் நிறுத்திப் பாருங்கள். நாணயத்தின் விளிம்பும் டிப்பின் வளைவும் பொருந்தினால் போதும். பளபளவென்று இறுகிப்போன டிப்பை மாற்றிவிட்டால், கிளப்பில் கிடக்கும் பழைய கோல்கூட வேறு கோலாகிவிடும். என் கணக்கில், இந்த ஆட்டத்தில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தரும் மாற்றம் இதுதான்.

இனி அந்த ஒரு சாண். பந்தின் வலப்பக்கம் அடித்தால் அது கோல் காட்டிய திசையில் போகாது. சற்று இடப்பக்கம் விலகிப் போகும். காரணம், சுழலத் தொடங்கும் பந்து தன்னைப் பற்றிய நுனியையும் வலப்பக்கம் இழுக்கிறது. நுனியை நகர்த்த விசை வேண்டும். அதன் எதிர்விசை பந்தை இடப்பக்கம் தள்ளுகிறது. நுனிப் பகுதி கனமாக இருந்தால் விலகல் அதிகம், லேசாக இருந்தால் குறைவு. இரண்டு டிகிரி விலகினால்கூட ஒரு மீட்டர் தூரத்தில் பந்து மூன்றரை செ.மீ. தள்ளிப் போய்விடும். குழியைத் தவறவிட அது தாராளம்.

குறைந்த விலகல் கோல் என்று சொல்லி அதிக விலைக்கு விற்பவர்கள் செய்வது, அந்த ஒரு சாணை லேசாக்குவதுதான்: உள்ளே குடைவார்கள், டிப்புக்குக் கீழுள்ள வெள்ளை வளையத்தைச் சிறிதாக்குவார்கள், மரத்துக்குப் பதிலாகக் கார்பன் இழையை வைப்பார்கள். இதில் மோசடி எதுவும் இல்லை, பலன் உண்மையானது. ஆனால் விலகல் குறையுமே தவிர மறையாது. எந்தக் கோலானாலும் ஈடுகட்டப் பழகியே ஆக வேண்டும் என்றால், தொடங்குகிறவர் சாதாரண மேப்பிள் கோலிலேயே பழகலாமே?

வாங்கும்போது கோலின் முன்பாதியைக் கழற்றி மேசையில் உருட்டுங்கள். நடுப்பகுதிக்கும் மேசைக்கும் இடையே தெரியும் வெளிச்சக் கீற்று உருளும்போது அகன்று சுருங்கினால் மரம் வளைந்திருக்கிறது. பிறகு இரண்டையும் திருகி மாட்டி மறுபடி உருட்டுங்கள். இணைப்பில் கோணல் இருந்தால் அப்போது தெரியும். வெள்ளை வளையம் ஆடக் கூடாது. கைப்பிடியின் நூல், பதித்த சிப்பி, வண்ணப் படம் எல்லாம் விருப்பம்போல். வாங்கிய பிறகு வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள், சுவரில் சாய்த்தும் வைக்காதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. நம் ஊர்க் கடைகளில் ஸ்நூக்கர் கோல்களும் நிறைய உண்டு. அதில் வியப்பில்லை: ஜபல்பூரில் பிறந்ததாகச் சொல்லப்படும் ஸ்நூக்கரின் விதிகள் 1882இல் எழுதி மாட்டப்பட்டது ஊட்டி கிளப்பில்தான் என்பது பலரும் சொல்லும் வரலாறு. ஆனால் அந்தக் கோல்களின் டிப் 9 அல்லது 10 மி.மீ.தான், 52.5 மி.மீ. பந்துக்கு ஏற்றது. எட்டுப் பந்து, ஒன்பது பந்து போன்ற பூல் ஆட்டங்களை ஆடுகிறவர் 12 முதல் 13 மி.மீ. டிப் உள்ள கோலைக் கேட்டு வாங்க வேண்டும்.

இனி ஈடுகட்டும் வழி. ஒரு பந்தை வெள்ளைப் பந்துக்கு நேராக ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். வெள்ளைப் பந்தின் மையம் வழியாக அதன் நடுவைக் குறிவையுங்கள். இப்போது கோலைத் தாங்கும் முன்கையை அசைக்காமல், பின்கையை மட்டும் இடப்பக்கம் நகர்த்தி, நுனி பந்தின் வலப்பக்கம் வரும்படி செய்து சற்று வேகமாக அடியுங்கள். கோல் வலப்பக்கம் திரும்பியிருக்கிறது; விலகல் பந்தை இடப்பக்கம் தள்ளும். இரண்டும் சமமானால் மோதல் நேராக விழும். வெள்ளைப் பந்து இடப்பக்கம் போனால் முன்கையைப் பந்துக்கு அருகில் கொண்டுவாருங்கள். வலப்பக்கம் போனால் பின்னுக்கு நகர்த்துங்கள். சாதாரண மேப்பிள் கோல்களில் சரியான இடம் பெரும்பாலும் பந்திலிருந்து 20 முதல் 35 செ.மீ.க்குள் கிடைக்கும். நுனி லேசான கோல்களில் அது இன்னும் பின்னால் இருக்கும். கிடைத்த தூரம் உங்கள் கோலுக்கு மட்டும் உரியது, பக்கத்து மேசைக்காரரின் கோலுக்குப் பொருந்தாது.

மெதுவாக அடிக்கும்போது மட்டும் இந்தக் கணக்கு பிசகும். கோலின் பின்முனை எப்போதும் சிறிது உயர்ந்தே இருப்பதால், சுழலும் பந்து போகப் போகச் சுழலின் பக்கமாக வளைந்து திரும்பும்; மேசையின் துணி புதிதாக வழவழப்பாக இருந்தால் அந்த வளைவு தாமதமாக வரும். அத்தகைய அடிகளுக்கு முன்கையை இன்னும் சற்றுப் பின்னுக்கு வைக்க வேண்டும். எவ்வளவு என்பதை அந்தந்த மேசையில் அடித்துப் பார்த்தே அறிய முடியும்.