லண்டன் யூலெஸ்: கட்டணம் வருவதற்கு முன்பே குறைந்த புகை

2012-இல் வாங்கிய ஒரு டீசல் கார் இரவு பத்து மணிக்கு லண்டனின் தென்கிழக்குப் பகுதியிலுள்ள ஒரு வீட்டிலிருந்து மருத்துவமனைக்குக் கிளம்புகிறது. இரவுப் பணி முடிந்து காலை ஆறரைக்கு அதே வழியில் திரும்புகிறது. இந்த ஒரு ஷிஃப்டுக்கு மட்டும் லண்டனின் புகைக் கட்டணம் 25 பவுண்டு. ஒரு நாளுக்கு 12.50 பவுண்டுதான். ஆனால் அந்த நாள் நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடிகிறது. போனது ஒரு நாள், வந்தது மறுநாள், ஆகவே இரட்டைக் கட்டணம். பக்கத்து வீட்டில் நிற்கும் 2006 மாடல் பெட்ரோல் கார் அதே பாதையில் எத்தனை முறை போய்வந்தாலும் ஒரு காசு கட்ட வேண்டியதில்லை.

ஆறு வருடம் முந்தைய வண்டிக்கு விலக்கு, புதிய வண்டிக்குத் தண்டம். கேட்டவுடன் அநியாயம் போலத் தோன்றும் இந்த விதிதான் ‘யூலெஸ்’ எனப்படும் மிகக் குறைந்த உமிழ்வு மண்டலத்தின் அடிப்படை. அதில் தெளிவான வேதியியல் இருக்கிறது.

ஐரோப்பாவில் கார்களின் புகைக்கு ‘யூரோ’ என்ற படிநிலைகள் உண்டு. நம்மூர் பிஎஸ்-4, பிஎஸ்-6 ஆகியவையும் இதே வரிசையைப் பின்பற்றி வந்தவைதான். யூரோ 4 பெட்ரோல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 0.08 கிராமுக்கு மேல் நைட்ரஜன் ஆக்ஸைடு விடக்கூடாது. அதே யூரோ 4-இல் டீசல் காருக்கு 0.25 கிராம் வரை சலுகை இருந்தது. யூரோ 5 டீசலுக்கு 0.18. யூரோ 6-க்கு வந்த பிறகுதான் டீசலுக்கும் 0.08 என்றானது. அதனால்தான் யூலெஸ் பெட்ரோலுக்கு யூரோ 4-ஐயும் டீசலுக்கு யூரோ 6-ஐயும் கேட்கிறது. நடைமுறையில் பெட்ரோல் என்றால் 2006 முதல் வந்தது, டீசல் என்றால் 2015 செப்டம்பருக்குப் பிந்தையது. வண்டியின் வயது அடிப்படை அல்ல, எந்தப் புகைத் தரத்தில் வந்தது என்பதுதான் கணக்கு. எனக்கு இதுவே நியாயமான முறையாகப் படுகிறது. வயதை மட்டும் பார்த்து வண்டியை ஒதுக்கினால் நன்றாக ஓடும் பெட்ரோல் காரும் குப்பைக்குப் போகும், புகை கக்கும் டீசல் கார் இன்னும் சில வருடம் தப்பிவிடும்.

டீசலுக்கு மட்டும் ஏன் அவ்வளவு காலம் சலுகை? எஞ்சினுக்குள் வெப்பம் மிக அதிகமாகும்போது காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரிக் ஆக்ஸைடு என்ற நைட்ரஜன் ஆக்ஸைடு ஆகின்றன. பெட்ரோல் வண்டியில், புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் என்ற கருவி அதைத் திரும்பவும் உடைத்துவிடும். எரியாமல் மிஞ்சிய கார்பன் மோனாக்ஸைடுதான் அதற்கு ஆயுதம். அது நைட்ரிக் ஆக்ஸைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. டீசல் எஞ்சினோ தேவைக்கு மேல் காற்றை இழுத்து ஓடுவது. சைலன்சர் வரை ஆக்சிஜன் மிச்சம் இருக்கும். கார்பன் மோனாக்ஸைடு அந்த ஆக்சிஜனோடு சுலபமாகச் சேர்ந்துவிடுவதால் நைட்ரிக் ஆக்ஸைடைத் தொடுவதில்லை. எனவே டீசலுக்குத் தனி ஏற்பாடு தேவைப்பட்டது. 32.5 சதவீதம் யூரியா கலந்த தூய நீரைப் புகைக்குள் பீய்ச்சுகிறார்கள். சூட்டில் அது அமோனியா ஆகிறது, அமோனியா நைட்ரஜன் ஆக்ஸைடை நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றுகிறது. ‘ஆட்புளூ’ என்று கேன்களில் விற்பது இந்த நீர்தான். புகை சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் இது சரியாக வேலை செய்யும். கடைக்குப் போய் ஐந்து நிமிடத்தில் திரும்பும் ஓட்டத்தில் அந்தச் சூடு வருவதே இல்லை. நகரத்து ஓட்டத்தில் டீசல் தோற்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இன்னொரு காரணம், தாளில் இருந்த எண் வேறு, சாலையில் வந்த புகை வேறு. சோதனைக்கூடத்தில் 0.18-க்குள் நின்ற யூரோ 5 டீசல் கார்கள் தெருவில் அதைப்போல் பல மடங்கு கக்கின. சோதனையில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டிய ஃபோக்ஸ்வாகன் கார் நிறுவனத்தின் மோசடி 2015 செப்டம்பரில் வெளிவந்த பிறகுதான் உலகம் இதைக் கவனித்தது. உண்மையான சாலையில் ஓட்டி அளக்கும் சோதனை 2017 செப்டம்பரில்தான் புதிய மாடல்களுக்குக் கட்டாயமானது.

லண்டன் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றது. அங்கே 2008 பிப்ரவரியிலேயே லாரிகளுக்கு ஒரு குறைந்த உமிழ்வு மண்டலம் வந்துவிட்டது. அது நடப்பிலிருந்தபோது, கிழக்கு லண்டன் பகுதிகளில் எட்டு, ஒன்பது வயதுள்ள 2,164 குழந்தைகளின் நுரையீரலை அளந்த ஆய்வு 2018-இல் வெளியானது. மாசு அதிகமான இடங்களில் வாழ்ந்த குழந்தைகளின் நுரையீரல் கொள்ளளவு சுமார் 5 சதவீதம் குறைந்திருந்தது. நைட்ரஜன் ஆக்ஸைடுகளில் ஒன்றான நைட்ரஜன் டை ஆக்ஸைடு காற்றில் சற்றே குறைந்தும் நுரையீரலில் முன்னேற்றம் தெரியவில்லை. மண்டலம் என்று பெயர் வைத்தால் போதாது, எந்த அளவுகோலை வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

யூலெஸ் மூன்று கட்டமாக வளர்ந்தது. 2019 ஏப்ரல் 8-இல் நகர மையத்தின் 21 சதுர கிலோமீட்டர். 2021 அக்டோபர் 25-இல் அதைப்போல் 18 மடங்கு. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா வட்டாரங்களும். கிறிஸ்துமஸ் நாள் தவிர வருடம் முழுவதும், 24 மணி நேரமும் நடப்பில் இருக்கும். சுங்கச்சாவடி எதுவும் கிடையாது. கம்பத்திலிருக்கும் கேமரா நம்பர் பிளேட்டைப் படித்து, பதிவேட்டோடு ஒப்பிடும், அவ்வளவுதான். ஓட்டியவர்தான் ஞாபகமாகக் கட்ட வேண்டும். ஓட்டிய நாளுக்குப் பின் மூன்றாம் நாள் நள்ளிரவுவரை அவகாசம். தவறினால் 180 பவுண்டு அபராதம், 14 நாளுக்குள் கட்டினால் பாதி.

இதில் எங்கெங்கே கோளாறு வரும்? முதலாவது, பதிவேடு. 2006-க்கு முந்தைய பெட்ரோல் கார்களிலும் சில யூரோ 4 தரத்தில் வந்தவை. ஆனால் பதிவுத் தேதியை மட்டும் வைத்து அவற்றை ‘தகுதியில்லை’ என்று காட்டிவிடும். தயாரிப்பாளரிடமிருந்து தரச் சான்றிதழ் வாங்கி அனுப்பினால் திருத்திவிடுவார்கள். பழைய கார் வைத்திருப்பவர்கள் அதை விற்பதற்கு முன் பதிவுப் புத்தகத்தில் நைட்ரஜன் ஆக்ஸைடு எண் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இரண்டாவது, இன்னொருவரின் நம்பர் பிளேட்டை நகலெடுத்து மாட்டிக்கொண்டு திரிபவர்கள். அவர்கள் ஓட்டும் ஓட்டத்துக்கு அபராதத் தாள் அப்பாவி வீட்டுக்குப் போகும். மூன்றாவது எனக்கு மிகவும் கவலை தருவது: கேமரா புகையைப் பார்ப்பதில்லை. டீசல் துகள் வடிகட்டி அடைத்துக்கொண்டதென்று அதை வெட்டி எடுத்துவிட்ட யூரோ 6 கார்கூட தடையின்றி உள்ளே போகும்.

பலன் எவ்வளவு என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இரண்டையும் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2021-இல் சொன்னது: 2019 தொடக்கத்தை ஒட்டிய வாரங்களில் நைட்ரஜன் டை ஆக்ஸைடு சராசரியாக 3 சதவீதத்துக்கும் குறைவாகவே இறங்கியது. லண்டன் மாநகராட்சியின் 2025 அறிக்கை சொல்வது: யூலெஸ் இல்லாதிருந்தால் இருந்திருக்கும் அளவைவிட, சாலையோர நைட்ரஜன் டை ஆக்ஸைடு நகரம் முழுக்க 27 சதவீதமும் நகர மையத்தில் 54 சதவீதமும் குறைவு. ஒன்று பொய்யாகத்தானே இருக்க வேண்டும்?

இல்லை. நகர மையத்துக்குள் ஓடிய வண்டிகளில் யூலெஸ் தரத்துக்கு ஏற்றவை 2017 பிப்ரவரியில் 39 சதவீதம். திட்டம் தொடங்குவதற்கு முந்தைய மாதமான 2019 மார்ச்சில் 61. தொடங்கிய முதல் மாதம் 71, ஆறு மாதத்தில் 77. அதாவது யூலெஸ் ஒரு பவுண்டுகூட வசூலிக்கும் முன்பே 22 புள்ளி ஏறிவிட்டது. கட்டணம் வரப்போகிறது என்று தெரிந்ததுமே கம்பெனிகளும் வேன்காரர்களும் வண்டியை மாற்றத் தொடங்கிவிட்டார்கள். தொடக்க நாளுக்கு முன்னும் பின்னும் சில வாரங்களை மட்டும் ஒப்பிட்டால் அந்த மாற்றம் கண்ணில் படாது. நீண்ட கால ஒப்பீட்டில் அது வரும், ஆனால் அங்கே ‘திட்டம் இல்லாத லண்டன்’ எப்படி இருந்திருக்கும் என்பதைக் கணித மாதிரி போட்டு ஊகிக்க வேண்டியிருக்கிறது. இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான பதில்கள்.

அளவிடும் கருவியையும் கொஞ்சம் பார்க்கலாம். தெருக்கம்பங்களில் விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் தொங்கும். கீழ்வாய் திறந்திருக்கும். மேல்மூடிக்குள் ட்ரைஎத்தனாலமைன் என்ற ரசாயனம் தடவிய எஃகு வலை. காற்றிலுள்ள நைட்ரஜன் டை ஆக்ஸைடு மெல்ல மேலே ஊர்ந்து அந்த வலையில் ஒட்டிக்கொள்ளும். சில வாரம் கழித்துக் கழற்றி, ஆய்வகத்தில் ரசாயனம் ஊற்றினால் இளஞ்சிவப்பாகும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு மாசு. மிக மலிவானது, மின்சாரமும் வேண்டாம். ஆனால் சாலையிலிருந்து சில அடி தள்ளி மாட்டினாலே எண் இறங்கிவிடும். யாராவது ஒரு நகரத்தின் புள்ளிவிவரத்தைக் காட்டினால், குழாய் எங்கே தொங்கியது என்று முதலில் கேளுங்கள்.

நுண்துகள் விஷயத்தில் இத்தகைய மண்டலத்தின் கை நீளம் குறைவு. டயரும் பிரேக்கும் தேய்ந்து வரும் தூள், வீட்டில் விறகு எரிக்கும் புகை, பல நூறு கிலோமீட்டர் தாண்டி மிதந்து வருவது ஆகிய எதையும் நம்பர் பிளேட் கேமரா தடுக்காது.

செலவு யார் தலையில் விழுகிறது? தகுதியில்லாத வண்டியை வருடத்தில் 250 நாள் ஓட்டினால் 3,125 பவுண்டு. மாதம் இருமுறை மட்டும் எடுப்பவருக்கு 300, அவர் பழைய வண்டியையே வைத்துக்கொள்வது லாபம். ஆக அடி விழுவது தினமும் ஓட்டியே தீர வேண்டிய, வேறு வண்டி வாங்க முடியாதவர் மேல்தான். இதற்காக வண்டியை அழிக்கக் கொடுத்தால் காருக்கு 2,000 பவுண்டு தரும் உதவித் திட்டம் இருந்தது. முதலில் அது குறிப்பிட்ட அரசு உதவி பெறுவோருக்கும் சிறு நிறுவனங்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் மட்டும். எல்லா லண்டன்வாசிகளுக்கும் திறந்தது 2023 ஆகஸ்ட் 21-இல், கட்டணம் தொடங்க எட்டு நாள் இருக்கும்போது. மாற்றம் நடப்பதே அறிவிப்புக்கும் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் என்று 2019-லேயே தெரிந்திருந்தும் பணத்தைக் கடைசியில் திறந்தது பெரும் பிழை. அது ஒரு வருடம் முன்பே வந்திருக்க வேண்டும்.

எல்லைக் கோட்டுக்கும் விலை உண்டு. எலா அடு-கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமி 2013 பிப்ரவரியில் ஆஸ்துமாவால் இறந்தாள். வயது 9. லண்டனின் சவுத் சர்குலர் சாலையிலிருந்து சுமார் 30 மீட்டருக்குள் அவள் வீடு. காற்று மாசும் அவள் மரணத்துக்குக் காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை தீர்ப்பளித்தது. அடுத்த வருடம் விரிந்த யூலெஸ் மண்டலத்துக்கு அந்தச் சாலைதான் எல்லை. சாலை மட்டும் மண்டலத்துக்கு வெளியே. பழைய டீசல் வண்டிகள் அதன் மேல் கட்டணமின்றி ஓடுவது நின்றது 2023 ஆகஸ்ட் 29-இல்தான்.